வெற்றி வேடம் பூண்ட நஷ்டம்



சூதாட்டம் ஹராம் என்பது நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த செய்தி. திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமாகிய அல்மாயிதாவில், 90, 91ஆம் வசனங்களில், வல்ல இறைவன் மதுவையும் சூதாட்டத்தையும் ஒருசேர வைத்து, அவை ஷைத்தானின் செயலைச் சேர்ந்த அசுத்தங்கள் என அறிவித்து, அவற்றை விட்டு விலகுமாறு கட்டளையிட்டுள்ளான். முஃமினுக்கு அந்தக் கட்டளையே போதுமானது. எனினும் சிந்திப்பவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழக்கூடும். மதுவோ உடலினுள் சென்று அறிவை மயக்கும் பொருள். சூதாட்டத்தில் எப்பொருளும் உடலினுள் செல்வதில்லை. அவ்வாறிருக்க, இரண்டும் ஒரே வசனத்தில் இணைத்துக் கூறப்பட்டது ஏன்? இதற்குரிய விடையை இக்காலத்துச் சூதாட்ட இயந்திரம் கண்ணெதிரே காட்டி நிற்கிறது.

சிங்கப்பூர், மலேசியா சென்று வந்தோர் ஜாக்பாட் மெஷின் என்பார்களே, அந்த இயந்திரத்தைத்தான் குறிப்பிடுகிறோம். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் சார்லஸ் ஃபே என்பவர் 1890களில் செய்த 'லிபர்ட்டி பெல்' இந்த வகைக்கு முன்னோடி. ஐந்து சென்ட் நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் மூன்று உருளைகள் சுழலும். மூன்று மணிச் சின்னங்கள் ஒரே வரிசையில் நின்றால் ஐம்பது சென்ட் கிடைக்கும். அதுவும் சூதுதான். ஆனால் அந்த உருளைகளில் எத்தனை சின்னங்கள் உள்ளன என்பதை ஆடுபவன் கண்ணால் பார்த்துத் தன் வாய்ப்பைக் கணக்கிட முடியும். இன்றைய இயந்திரத்தில் அந்தக் கணக்கும் களவு போய்விட்டது.

எவ்வாறெனில், 1984ஆம் ஆண்டில் டெல்னஸ் என்பவருக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. அதன்படி, உருளை எங்கே நிற்க வேண்டும் என்பதை உருளை தீர்மானிப்பதில்லை. உள்ளே இருக்கும் மின்னணுக் கருவி ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த எண்ணுக்குரிய இடத்தில் உருளை நிறுத்தப்படுகிறது. உதாரணமாக, கண்ணுக்குத் தெரியும் உருளையில் 22 இடங்கள் உள்ளன என்று கொள்வோம். பெரும்பரிசுக்குரிய சின்னம் அவற்றுள் ஒன்று. மூன்று உருளைகளிலும் அது வருவதற்கு 10,648இல் ஒரு வாய்ப்பு உண்டு என்று ஆடுபவன் எண்ணுவான். ஆனால் கருவியின் உள்ளே ஓர் உருளைக்கு 64 எண்கள் இருந்து, அவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் அந்தச் சின்னத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், உண்மையான வாய்ப்பு 2,62,144இல் ஒன்றாகும். மற்ற எண்களில் பலவற்றைப் பரிசுச் சின்னத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு ஒதுக்கவும் இயலும். அப்போது பரிசு 'மயிரிழையில் தவறியது' போன்ற காட்சி அடிக்கடி தோன்றும்.

பெருமக்களே! அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் 'முதஃப்பிஃபீன்' என்ற அத்தியாயம் இறங்கியது. கண்ணுக்கு ஓர் அளவும் கருவிக்கு ஓர் அளவும் காட்டுகின்ற இந்த உருளை, பொய்த் தராசன்றி வேறென்ன? கடைத்தெருவில் தானியக் குவியலினுள் கையை விட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் எனக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். இந்த இயந்திரத்தின் ஈரமெல்லாம் உள்ளேதான் இருக்கிறது.

'மயிரிழையில் தவறிய' காட்சி மனிதனை என்ன செய்கிறது? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆடுவோரின் மூளையைப் படமெடுத்து இதனைப் பரிசோதித்தனர். பரிசு கிடைக்கும்போது விழித்தெழும் மூளைப் பகுதிகள், பரிசு நூலிழையில் தவறியபோதும் விழித்தெழுந்தன. அந்தத் தவறல் மனத்துக்குக் கசப்பாகவே இருந்தது. ஆயினும், தாமே தேர்வு செய்து ஆடியபோது, மேலும் ஆட வேண்டும் என்ற ஆவலை அதுவே வளர்த்தது. தோற்றவன் எழுந்து செல்லாமல் மறுபடியும் பணம் கட்டுவதற்கு இது ஒரு காரணம்.

இதனினும் நுட்பமான வஞ்சகம் ஒன்று உண்டு. பழைய இயந்திரத்தில் ஒரே வரிசை இருந்தது. புதிய இயந்திரங்களில் இருபது, ஐம்பது வரிசைகள் இருக்கின்றன. 'ஒரு சென்ட் ஆட்டம்' என்று முகப்பில் எழுதியிருக்கும். ஐம்பது வரிசைக்கும் ஒவ்வொரு சென்ட் வைத்தால் ஒரு தடவை பொத்தானை அழுத்த ஐம்பது சென்ட் ஆகிறது. பந்தயத்தை ஐந்து மடங்காக்கினால் இரண்டரை டாலர் ஆகிறது. சிறு தொகை என்று எண்ணி அமர்ந்தவன் தன்னை அறியாமலே பெருந்தொகை கட்டுகிறான். ஐம்பது சென்ட் கட்டியவனுக்கு ஏதோ ஒரு வரிசையில் இருபது சென்ட் விழுகிறது. அவனுக்கு முப்பது சென்ட் நஷ்டம். ஆனால் இயந்திரமோ விளக்குகளை மின்னச் செய்து, இசை முழங்கி, அவனை வாழ்த்துகிறது! கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஆடுவோரின் தோலில் வியர்வையால் உண்டாகும் மாறுதலை அளந்து பார்த்தனர். இந்தப் போலி வெற்றிகள் உண்மையான வெற்றிகளைப் போன்றே உடலைக் கிளர்ச்சியுறச் செய்தன. நஷ்டத்துக்கு வெற்றியின் ஆடையை அணிவித்தால் அறிவு ஏமாறுகிறது. உடலும் சேர்ந்து ஏமாறுகிறது.

மதுவுடன் சூது இணைக்கப்பட்டதன் பொருத்தம் இப்போது விளங்குகிறதல்லவா? வாய் வழியே எதுவும் செல்லாமலேயே மூளையை மயக்க முடியும். சூதாட்டம் அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கிறது என்பது மேற்கண்ட வசனம் உணர்த்தும் உண்மை. அமெரிக்க மானிடவியல் அறிஞர் நத்தாஷா டவ் ஷுல், லாஸ் வேகாஸ் நகரில் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இயந்திரத்தின் முன் அமர்ந்தோர் நேரத்தையும் இடத்தையும் தம்மையும் மறந்துவிடும் நிலையை விவரிக்கிறார். பணம் வெல்வதற்காக அன்று, அந்த மறதி நிலை கலையாதிருப்பதற்காகவே தொடர்ந்து ஆடுவதாக அவர்களிற் பலர் அவரிடம் கூறியிருக்கின்றனர். தன்னையே மறந்தவன் தன்னைப் படைத்தவனை நினைப்பது எங்ஙனம்?

'அறிவுள்ள வயதுவந்த மனிதன் தன் பணத்தைத் தன் விருப்பப்படி செலவழிக்கிறான். நூற்றுக்குத் தொண்ணூறு திருப்பித் தரும் இயந்திரம் என்றும் அறிவித்து விடுகிறார்கள். இதில் வஞ்சகம் எங்கே?' என்று வாதிடுவோர் உண்டு. அந்தத் தொண்ணூறு என்ற கணக்கைச் சற்று ஆராய்வோம். அது ஒவ்வொரு பந்தயத்துக்கும் உரிய சராசரி; கொண்டுவந்த பணத்துக்கு உரியதன்று. நூறு ரூபாய் கொண்டு சென்றவன் அதை முழுவதும் ஒருமுறை ஆடினால் சராசரியாகத் தொண்ணூறு மீளும். அவன் எழுந்து செல்வதில்லை, அந்தத் தொண்ணூறையும் ஆடுகிறான், எண்பத்தொன்று மீளும். இவ்வாறு ஏழு சுற்று முடிவதற்குள் பாதிக்கு மேல் கரைந்துவிடும். நிமிடத்துக்குப் பத்து முறை சுழலும் இயந்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 600 பந்தயங்கள். ஒரு டாலர் வீதம் ஆடினால், தொண்ணூறு விழுக்காடு திருப்பித் தந்தும், சராசரியாக 60 டாலர் போய்விடும். வேகமே இங்கு மறைமுகக் கட்டணம்.

விருப்பம் என்பதும் அவ்வாறே. எலன் லாங்கர் என்ற உளவியல் அறிஞர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தாமே பொறுக்கியெடுத்த பரிசுச் சீட்டை விற்பதற்கு மக்கள் மிக அதிக விலை கேட்டனர். பிறர் எடுத்துக் கொடுத்த சீட்டுக்கு அவ்வாறு கேட்கவில்லை. இரண்டுக்கும் வாய்ப்பு ஒன்றே. சுழலும் உருளையை நிறுத்துவதற்கெனச் சில இயந்திரங்களில் வைக்கப்பட்டுள்ள பொத்தானும் இந்தப் பலவீனத்தையே பயன்படுத்துகிறது. தன் கைத்திறனால் நிறுத்தியதாக அவன் மகிழ்கிறான். முடிவோ அவன் விரல் படுவதற்கு முன்பே குறிக்கப்பட்டுவிட்டது. இத்தகைய ஏற்பாட்டை முன்னிட்டு அமர்ந்தவனுடைய இசைவை முழுமையான இசைவு என்று கூறுதல் நீதியாகாது.

அரசுக்கு வரி, பலருக்கு வேலை என்ற பயன்களையும் எடுத்துரைப்பார்கள். திருக்குர்ஆன் அதனையும் மறுக்கவில்லை. மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு. ஆயினும் பாவமே பயனைவிடப் பெரிது என்று இரண்டாம் அத்தியாயத்தின் 219ஆம் வசனம் நிறுத்துக் காட்டுகிறது. அந்தப் பயன் யாரிடமிருந்து வருகிறது? ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010ஆம் ஆண்டு அறிக்கையில், இயந்திரங்களில் செலவிடப்படும் பணத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு, சூதாட்டத்தால் கடும் பாதிப்புக்குள்ளானோரிடமிருந்தே வருவதாக மதிப்பிட்டது. அழிந்துகொண்டிருப்பவர் வீட்டு அடுப்பை அணைத்து அரசின் விளக்கை ஏற்றுவதா?

சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்த நாடுகளே இன்று இயந்திரத்தின் பற்களைப் பிடுங்கத் தொடங்கியுள்ளன. நார்வே நாடு 2007ஆம் ஆண்டு ஜூலையில் பழைய இயந்திரங்கள் அனைத்தையும் அகற்றியது. பின்னர், இழக்கக்கூடிய தொகைக்கு வரம்பு கட்டிய இயந்திரங்களை மட்டுமே வைத்தது. பிரிட்டனில் பந்தயக் கடைகளின் இயந்திரங்களில் ஒரு சுற்றுக்கு 100 பவுண்டாக இருந்த உச்சவரம்பு, 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் 2 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. இணையத்தில் ஆடும் உருளையாட்டங்களில், நஷ்டத்தை வெற்றி போல் கொண்டாடும் ஒலியும் ஒளியும் 2021ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டன. குற்றம் ஆடுபவனுடையது மட்டுமன்று, வலை விரித்தவனுடையதும் ஆகும் என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டதற்கு இவை சான்றுகள். ஆயினும் வலையின் கண்ணியைச் சற்றுப் பெரிதாக்குவதும் வலையை அகற்றுவதும் ஒன்றாகா. நம் மார்க்கம் வலையையே அகற்றச் சொல்கிறது.

'நம் ஊரில் இந்த இயந்திரம் இல்லையே' என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். மலேசியாவின் கெந்திங் மலைச் சூதாட்டக் கூடத்தில் முஸ்லிம்கள் நுழையத் தடை உண்டு. சிங்கப்பூரின் சூதாட்டக் கூடங்களில் குடிமக்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஆனால் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்ட இயந்திரத்துக்கு வாயிலும் இல்லை, காவலரும் இல்லை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது வரவேற்கத்தக்கது. எனினும் அதே சுழற்சக்கரமும் மர்மப் பெட்டியும் சிறுவர்களுக்கான விளையாட்டுகளுக்குள் புகுந்திருக்கின்றன. பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் நாடு 2018ஆம் ஆண்டில் அறிவித்தது. உங்கள் பிள்ளையின் விளையாட்டை ஒருமுறை அருகில் அமர்ந்து பாருங்கள். எது கிடைக்கும் என்று தெரியாமலே காசு கட்டச் சொல்கிறதா, தோற்றபோதும் வாழ்த்துகிறதா என்று கவனியுங்கள்.

வீட்டில் ஒருவர் இந்த வலையில் விழுந்துவிட்டால், அவரைச் சபித்து வெளியே தள்ளுவது தீர்வாகாது. போகுமிடமில்லாதவன் மீண்டும் இயந்திரத்திடமே போவான். அவர் ஹராமைச் செய்தார் என்பதில் ஐயமில்லை. தவ்பாவின் வாயில் அவருக்குத் திறந்தே இருக்கிறது. அந்த வாயில்வரை கைபிடித்து அழைத்துச் செல்வது குடும்பத்தாரின் கடமை. போனதையும் வந்ததையும் ஒரு தாளில் அவரையே எழுதச் செய்யுங்கள். இயந்திரம் வாழ்த்து கூறி மறைத்த நஷ்டத்தைத் தாள் மறைக்காது. பணப்பொறுப்பைச் சிறிது காலம் மனைவியோ பெற்றோரோ ஏற்றுக்கொள்ளட்டும். கடனை அடைப்பதாயின் கடன் கொடுத்தவரிடமே நேரில் கொடுங்கள். சிங்கப்பூரில் வாழ்வோர், தம் குடும்பத்தவரைச் சூதாட்டக் கூடத்தினுள் அனுமதிக்காதிருக்க விண்ணப்பிக்கும் சட்ட வழியையும் தயங்காமல் பயன்படுத்தலாம்.

சூதாட வருமாறு தோழனை அழைத்தவர், அவ்வாறு அழைத்ததற்காகவே தருமம் செய்ய வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்குமுன், அழைப்பிலேயே பிழை தொடங்கிவிடுகிறது என்பது இதன் கருத்து. இன்றோ அந்த அழைப்பு இரவும் பகலும் நம் சட்டைப் பையிலிருந்தே ஒலிக்கிறது. அதற்குச் செவி சாய்க்காத உறுதியையும், செவி சாய்த்துவிட்ட சகோதரனை மீட்டெடுக்கும் பரிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.