அரசன் செய்தால் ராஜதந்திரம், முயல் செய்தால் சூழ்ச்சியா?

ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதைகளில் வரும் தந்திரக்கார விலங்குகளைப் பற்றி ஒரு கதைத் தொகுப்பு கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் காலனிப் பிள்ளைகளை மனதில் வைத்தே வேலை நடக்கிறது. திட்டத்தைப் பார்த்த பதிப்பாளர் ஒருவர் சொன்னார்: "கதை மட்டும் போதும். அடிமை முறை, சாதி எல்லாம் குழந்தைகளுக்கு எதற்கு?" கேட்பதற்கு நல்லெண்ணம் போலத் தெரியும். கதையைச் சொன்னவர்களிடமிருந்து கதையைப் பிடுங்குவது எப்போதும் இப்படித்தான் தொடங்குகிறது.

கானா நாட்டு அக்கான் மக்களின் அனான்சி என்னும் சிலந்தி, அடிமைக் கப்பல்களில் வந்தவர்களோடு ஜமைக்காவில் இறங்கியது. ஆப்பிரிக்க முயலோ அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திக் காட்டில் 'முயலண்ணன்' ஆனது. இரண்டுக்கும் உடல்பலம் கிடையாது, புத்திதான் ஆயுதம். சவுக்குக்கு அஞ்சி எசமானை வாய்விட்டுத் திட்ட முடியாதவர்கள், கதையில் நரியையும் ஓநாயையும் தோற்கடித்தார்கள்.

1880இல் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளை இதழாளர் இந்தக் கதைகளை நூலாக்கினார். பண்ணையார் வீட்டுச் சிறுவனுக்கு விசுவாசமான கறுப்பினக் கிழவர் ஒருவர் கதை சொல்வதாக அமைத்தார். எதிர்ப்பின் கதை விசுவாசத்தின் கதையாகிவிட்டது. 1935இல் கறுப்பினப் பெண்ணான சோரா நீல் ஹர்ஸ்டன், தன் சொந்த ஊர் மக்களிடமே கதைகளைக் கேட்டு நூலாக்கியபோது சொன்னவர்களின் குரலும் ஏட்டில் ஏறியது.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய முயல் பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்பவர் விஷ்ணுசர்மா என்ற பார்ப்பனர், கேட்பவர்கள் மூன்று அரசகுமாரர்கள். அதே நூலில்தான் நீலச்சாயத் தொட்டியில் விழுந்து காட்டுக்கு அரசனான நரியும் வருகிறது. தன் இனத்தின் ஊளையைக் கேட்டுத் தானும் ஊளையிட்டு, பிறப்பு வெளிப்பட்டதும் கொல்லப்படுகிறது. பிறப்பை மறைத்து மேலே போனால் சாவுதான் என்பதை நீதிக்கதை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இது சாதி இல்லாத கதையா?

மொழியும் இதற்குத் துணை நிற்கிறது. அரசன் ஏமாற்றினால் ராஜதந்திரம். எளியவன் தப்பிக்க வழி தேடினால் நரித்தந்திரம், சூழ்ச்சி, களவாணித்தனம். கூலியைக் குறைத்து அளந்தவனுக்கு இப்படி ஒரு பட்டப்பெயரும் இல்லை.

கரிசலிலும் இதே கதைதான். பருத்தி எடுப்பிலும் களையெடுப்பிலும் மிளகாய்ப் பழம் பறிப்பிலும் கதை சொன்ன பெண்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள்? 'மண்ணின் கதை' என்று அட்டையில் போட்டுவிட்டால் இந்தக் கேள்வி எழாது. மண் கதை சொல்லாது. அந்த மண்ணில் சொந்தமாக ஒரு குறுக்கம்கூட இல்லாதவர்கள்தான் சொன்னார்கள்.

முயலண்ணன் கதை ஒன்றில், நரியிடம் மாட்டிய முயல் கெஞ்சுகிறது: என்னை என்ன வேண்டுமானாலும் செய், முள்ளுக்காட்டில் மட்டும் எறிந்துவிடாதே. நரி அங்கேதான் எறிகிறது. முயல் பிறந்து வளர்ந்ததே அந்த முள்ளுக்காட்டில்தான்! சீமைக்கருவேல முள்ளை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை.

அதனால் தொகுப்பு இப்படித்தான் வரும்: ஒவ்வொரு கதையோடும் அதைச் சொன்ன மக்கள் யார், யாருக்கு அடிமைப்பட்டிருந்தார்கள், யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதும் அச்சாகும். சாதியைக் காலனிப் பிள்ளைக்குப் புத்தகம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, அதை ஊரே செய்துவிடுகிறது. புத்தகம் செய்ய வேண்டியது, அதை வென்ற முயல்கள் இருந்தன என்று சொல்வதுதான்.