விலை கூடினால் ஹராம் ஹலாலாகிவிடுமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



துறைமுகத்தை நம்பி வாழும் வடசென்னையில் ‘சரக்கு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கப்பலிலிருந்து இறங்குவதும் சரக்கு. கடையில் வாங்கிக் குடிப்பதும் சரக்கு. இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை முதல் சரக்கை ஏற்றி இறக்கிப் பிழைப்போர் ஏராளம். இரண்டாம் சரக்கால் பிழைப்பையே இழந்தோரும் அதே தெருக்களில்தான் வாழ்கிறார்கள். இவ்விரண்டையும் தாண்டி மூன்றாவது சரக்கொன்று இப்போது நம்மவர் சிலரின் வீடுகளுக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. அதைக் குறித்தே இக்கட்டுரை.

கப்பல் பணி முடிந்து திரும்பும் மகன், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மைத்துனர், நிறுவனத்தின் அலுவலாக அமெரிக்கா போய் வந்த தம்பி என யாரோ ஒருவர் விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் வாங்கிய பாட்டிலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார். பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மதுவைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரச் சட்டம் இடம் தருகிறது. முதலில் அது துணி அலமாரியின் பின்னால் ஒளிந்திருந்தது. பின்னர் படுக்கையறை மேசைக்கு வந்தது. இன்று வரவேற்பறை ஷோகேஸில், சின்னஞ்சிறு விளக்கின் ஒளியில், பிள்ளை பள்ளியில் வென்ற கோப்பைக்கு அருகிலேயே நிற்கிறது. கேட்டால், “இது டாஸ்மாக் சரக்கு இல்லை பாய், போர்பன்” என்று பெருமிதத்தோடு விடை வருகிறது.

போர்பன் என்பது அமெரிக்காவில் தயாராகும் ஒரு வகை விஸ்கி. அதற்கான தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கப்பட்ட புதிய ஓக் மரப் பீப்பாயில் அது வைக்கப்பட வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹாலின் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இவை அந்நாட்டுச் சட்டத்தின் நிபந்தனைகள். 1964-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் தன் நாட்டுக்கே உரிய தனித்துவப் பொருளாக அறிவித்தது. பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது ஒரு பகுதி ஆவியாகிப் போகிறது. அதற்கு அத்தொழிலில் வழங்கும் பெயர் ‘வானவர்களின் பங்கு’. மலக்குகளின் மீது ஈமான் கொண்ட ஒருவர் இந்தப் பெயரை விருந்தினரிடம் சிரித்தபடி எடுத்துச் சொல்வாரேயானால், அந்தப் பாட்டில் அவரது நாவை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேகரிக்கும் ஆசையும் தானாக முளைத்ததன்று. ‘பிளான்டன்ஸ்’ என்னும் போர்பனின் மூடியில் குதிரையும் அதன்மேல் ஒரு வீரனும் இருக்கும். எட்டு வகை மூடிகள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. எட்டையும் சேர்த்தால்தான் அந்தப் பெயர் முழுமையாகும். ஒரு பாட்டிலோடு நிற்கக்கூடியவரை எட்டாவது பாட்டில் வரை அழைத்துச் செல்லும் வணிக உத்தி இது. பிப்ரவரி 2025-இல் இந்திய அரசு போர்பன் மீதான இறக்குமதி வரியை 150 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடாகக் குறைத்தது. இனி இந்தப் பழக்கம் பெருகுமே தவிரக் குறையாது. ஆகவே இதற்காகச் சொல்லப்படும் நியாயங்களை மார்க்கத்தின் உரைகல்லில் உரசிப் பார்ப்பது அவசியமாகிறது.

“அதன் மணத்தையும் செய்நேர்த்தியையும்தான் ரசிக்கிறோம்” என்கிறார்கள். மதுவில் மனிதர்களுக்குச் சில பயன்கள் இருப்பதைத் திருக்குர்ஆன் (2:219) மறுக்கவில்லை. அப்பயன்களைவிட அதன் பாவமே பெரிது என்றுதான் அது தீர்ப்பளிக்கிறது. எனவே போர்பனில் மணமே இல்லை என்று நாம் வாதிட வேண்டியதில்லை. பின்னர் இறங்கிய 5:90 வசனமோ மதுவை விட்டு விலகி இருக்குமாறே கட்டளையிடுகிறது. குடிக்காமல் இருப்பது ஒன்று. விலகி இருப்பது அதனினும் கூடியது. கை நீட்டினால் எட்டும் தொலைவில் வைத்து, தூசி தட்டி, விளக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதை எந்த அகராதி விலகல் என்று சொல்லும்?

“அன்றைய அரபு நாட்டுத் திராட்சை மதுவைத்தானே தடுத்தார்கள்?” என்பது அடுத்த கேள்வி. மதீனாவில் தடை இறங்கிய நாளில் அபூதல்ஹா (ரழி) அவர்களின் இல்லத்தில் அனஸ் (ரழி) பரிமாறிக்கொண்டிருந்தது பேரீச்சங்காய் மது. அறிவிப்புக் கேட்டதும் அதைக் கொட்டினார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. இது புகாரியில் பதிவாகியுள்ளது. திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகிய ஐந்தையும் மிம்பரில் நின்று எண்ணிக் காட்டிய உமர் (ரழி) அவர்கள், அறிவை மறைப்பது எதுவோ அதுவே மது என்று இலக்கணமும் வகுத்தார்கள். கென்டக்கியின் மக்காச்சோளத்துக்கு அந்த இலக்கணத்திலிருந்து விலக்கு இல்லை. அதிகம் அருந்தினால் போதை தருவதில் சிறிதளவும் ஹராமே என்ற நபிமொழி, ‘அளவோடு’ என்ற வாசலையும் அடைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2023 ஜனவரியில், உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என அறிவித்தது.

“நான் குடிப்பதே இல்லை, சேர்த்து மட்டுமே வைக்கிறேன்” என்பவரும் உண்டு. மதுவின் விஷயத்தில் சாபத்துக்கு உரியவர்களாக நபி (ஸல்) அவர்கள் பத்துப் பேரைக் குறிப்பிட்டதைத் திர்மிதியில் காண்கிறோம். அந்தப் பத்தில் குடிப்பவர் ஒருவரே. பிழிபவர், சுமப்பவர், பரிமாறுபவர், விற்பவர், வாங்குபவர், விலையை உண்பவர் எனப் பட்டியல் நீள்கிறது. காசு கொடுத்து வாங்கிக் கடல் கடந்து சுமந்து வந்தவர், ஒரு துளியும் பருகாமலேயே அதில் இருமுறை இடம்பெற்றுவிடுகிறார். இன்னும் சில ஆண்டுகளில் விலை ஏறும், முதலீடு என்று எண்ணுவோர், விலையை உண்பவரும் அதே பட்டியலில் இருப்பதைக் கவனிக்கட்டும்.

“அன்பளிப்பாக வந்ததை என்ன செய்வது?” என்ற கேள்விக்கு முஸ்லிம் நூலில் இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கும் நிகழ்ச்சியில் விடை இருக்கிறது. ஒருவர் நபி (ஸல்) அவர்களுக்கே ஒரு தோல்பை நிறைய மதுவை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். அது தடுக்கப்பட்ட செய்தி அவருக்குத் தெரியவில்லை. அறிந்ததும் அருகிலிருந்தவரிடம் அதை விற்றுவிடுமாறு இரகசியமாகச் சொன்னார். குடிப்பதைத் தடுத்த இறைவன் விற்பதையும் தடுத்திருக்கிறான் என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். அவர் பையின் வாயைத் திறந்தார். உள்ளிருந்த அனைத்தும் தரையில் வடிந்தது. “இவ்வளவு விலையுள்ள பொருளை வீணாக்கலாமா?” என்போருக்கும் சான்று உண்டு. அனாதைகளுக்கு வாரிசுச் சொத்தாக வந்த மதுவைப் பற்றி அபூதல்ஹா (ரழி) கேட்டபோது கொட்டிவிடவே கட்டளை வந்தது. காடியாக மாற்றிக்கொள்ளவும் அனுமதி கிடைக்கவில்லை என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அனாதையின் சொத்துக்கே இல்லாத சலுகையை நமது பொழுதுபோக்குக்கு நாமே எப்படி வழங்கிக்கொள்கிறோம்?

காலிப் பாட்டிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதுவுக்குப் பயன்பட்ட சில பாத்திரங்கள் தொடக்கத்தில் தடுக்கப்பட்டன. பின்னர் அத்தடை நீக்கப்பட்டது. ஆகவே நன்கு கழுவிய கண்ணாடியைக் குற்றவாளியாக்க நாம் முனையவில்லை. ஆயினும் அதன் பெயர்ச்சீட்டை முன்பக்கம் திருப்பி, வருவோர் அனைவரும் படிக்கும்படி அடுக்கி வைப்பவருக்குத் தேவைப்படுவது பாத்திரமா, பெயரா? தண்ணீர் வைக்க நம் வீட்டில் வேறு பாத்திரங்கள் இல்லையா?

இனி நம் சமுதாயத்தின் மனசாட்சியிடம் ஒரு கேள்வி. பெண் கேட்டு வருபவரைப் பற்றி விசாரிக்கும்போது, “பையன் டாஸ்மாக் பக்கம் போவானா?” என்று தெருமுனை வரை சென்று கேட்கிறோம். போவான் என்று தெரிந்தால் அந்தப் பேச்சு அத்தோடு முடிகிறது. அது சரியே. அதே நாம், வீட்டில் பன்னிரண்டு வெளிநாட்டு பாட்டில்களை அடுக்கி வைத்திருப்பவரை ‘ரசனை உள்ளவர்’ என்கிறோம். அவர் வீட்டுச் சோபாவில் அமர்ந்து தேநீர் அருந்துகிறோம். சபைகளில் முன்வரிசையில் உட்கார வைக்கிறோம். கண்டெய்னர் லாரியில் இரவெல்லாம் வரிசையில் காத்துக்கிடந்து, உடல்வலி தாளாமல் குவார்ட்டர் வாங்கிய தொழிலாளி நம் கண்ணுக்குக் குடிகாரன். குளிரூட்டிய அறையில் கனத்த கண்ணாடிக் கோப்பையை ஏந்தியவர் கனவான். ஹராமுக்குள் சாதி பிரிக்கும் இந்த உரிமையை நமக்கு யார் கொடுத்தார்கள்?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அந்த விஷமும் பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் அன்று மாண்ட ஏழைகளைக் குறித்து ‘குடித்தான், செத்தான்’ என்று கடுமையாகப் பேசிய நாவு, உறவினர் வீட்டு ஷோகேஸின் முன் ஏன் மென்மையாகிறது? 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனையையும் டாஸ்மாக்கே நடத்துகிறது. 2023-24 நிதியாண்டில் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அதைக் கண்டித்து மேடையேறுகிறோம். 2023 மார்ச்சில் திருமண மண்டபங்களிலும் வீட்டு விசேஷங்களிலும்கூட உரிமம் பெற்று மது பரிமாற வழிசெய்யும் விதி வந்தபோது மாநிலமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே திருமண மண்டபங்களுக்கான அனுமதி கைவிடப்பட்டது. மண்டபத்தில் வரக் கூடாது என்று நாம் தடுத்தது, உரிமம் ஏதுமின்றி வரவேற்பறைக்குள் வந்திருக்கிறதே!

இதில் எல்லாவற்றையும்விட அஞ்சத்தக்கது வெட்கம் போய்விடுவதுதான். டாஸ்மாக்கில் வாங்கியவர் அதைச் செய்தித்தாளில் சுற்றுகிறார். லுங்கி மடிப்பில் செருகுகிறார். பள்ளிவாசல் இமாமைக் கண்டால் தெருவின் மறுபக்கம் ஒதுங்குகிறார். தான் செய்வது பாவம் என்று அவர் நெஞ்சு அறிந்திருக்கிறது. வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதால், அந்தக் கிளையைப் பற்றிக்கொண்டு அவர் ஒருநாள் திரும்பிவரக் கூடும். இரவில் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, காலையில் தானே அதை வெளிப்படுத்துபவரைக் குறித்து புகாரியில் கடும் எச்சரிக்கை உள்ளது. ஷோகேஸ் என்பது அப்படிப்பட்ட வெளிப்படுத்தலுக்கென்றே விலை கொடுத்துச் செய்த மரச்சாமான். பாவத்தைப் பாவம் என்று எண்ணுபவருக்குத் தவ்பா அருகில் இருக்கிறது. அலங்காரம் என்று எண்ணுபவர் எதிலிருந்து தவ்பா செய்வார்?

அந்த வீட்டில் வளரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மத்ரஸாவில் உஸ்தாத் மது ஹராம் என்று கற்பிக்கிறார். வீடு திரும்பினால் வாப்பா விருந்தினரிடம் பாட்டிலின் வயதையும் விலையையும் சொல்லி மகிழ்கிறார். அந்தச் சிறு மனம் என்ன முடிவுக்கு வரும்? ஹராம் என்பது ஏழைகளுக்கான சட்டம் என்றே வரும். பதினெட்டு வயதில் அவன் கையிலேந்தும் முதல் கோப்பை, ஆறு வயதில் அவன் கண்டு வளர்ந்த ஷோகேஸிலிருந்துதான் வரும்.

எவர் வீட்டுக் கதவையும் தட்டிச் சோதனையிட இக்கட்டுரை அழைக்கவில்லை. துருவித் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் (49:12) தடுத்துள்ளது. பிறரது அலமாரியைப் புகைப்படம் எடுத்துப் பரப்புவதும் பாவமே. பேச வேண்டியது அந்த வீட்டின் பொறுப்பாளர் தம் நெஞ்சோடுதான்.

அவர் செய்ய வேண்டியது மிகவும் எளிது. இன்றே மூடியைத் திறந்து சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிடலாம். நண்பருக்குக் கொடுக்க வேண்டாம். சுமந்து கொடுப்பவரும் அந்தப் பத்துப் பேரில் ஒருவரே. பிள்ளைகள் அருகில் நின்று காணட்டும். ஏன் ஊற்றுகிறோம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். ஊரிலிருந்து வரும் மகனிடமும் மைத்துனரிடமும், “அடுத்த முறை பேரீச்சம்பழமும் அத்தரும் போதும்” என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். பார்த்து ரசிப்பதில் தொடங்கி நாள்தோறும் பருகும் நிலைக்கு வந்துவிட்டவர், மருத்துவரை அணுகத் தயங்க வேண்டாம். நெடுநாள் குடியைத் திடீரென நிறுத்துவதில் ஆபத்து இருப்பதால் மருத்துவத் துணை அவசியம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் இதற்கான சிகிச்சை கிடைக்கிறது. நோய்க்கு மருந்து தேடுவதில் வெட்கம் தேவையில்லை. அந்த வெட்கம் ஷோகேஸின் முன்தான் தேவை.

அன்று மதீனாவில் கொட்டியவர்களும் அதைக் காசு கொடுத்துப் பெற்றவர்களே. அதன் சுவை அவர்களுக்கும் தெரியும். கட்டளை வந்தபின் விலையைக் கணக்கிட்டு அவர்கள் தாமதிக்கவில்லை. கட்டளை நம்மை வந்தடைந்து பதினான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன.

நம் இல்லங்களை மதுவிலிருந்தும், அதை அழகென்று காட்டும் மயக்கத்திலிருந்தும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.