ஜீன் என்ன, சுவரில் இருக்கும் சுவிட்சா?

"வேருக்கு ஒரு ஜீன், விளைச்சலுக்கு ஒரு ஜீன், வறட்சிக்கு ஒரு ஜீன்." செய்தியிலும் இப்படித்தான், வகுப்பிலும் இப்படித்தான். தட்டினால் எரியும், அணைத்தால் அணையும் என்கிற இந்த சுவிட்ச் பேச்சு எனக்கு எரிச்சலூட்டுகிறது. புரிவதற்காக எளிமைப்படுத்துகிறோம் என்பார்கள். எளிமை வேறு, பொய் வேறு ஐயா. ஒரு விதைக்குள் இருக்கும் கருவைப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

துத்தநாக விரல் புரதங்களை எடுத்துக்கொள்வோம். 1985-ல் ஆரன் க்ளூக்கின் குழு ஒரு தவளைப் புரதத்தில் கண்டுபிடித்த அமைப்பு இது. சுமார் 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு மடிப்பு, நடுவில் ஒரு துத்தநாக அணு. அதை இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த 'விரல்' டி.என்.ஏ.வின் பள்ளத்தில் பதியும். எந்த ஜீன் படியெடுக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பல காரணிகளுக்கு இப்படிப்பட்ட விரல்கள் உண்டு.

அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் என்.டி.டி. என்று ஒரு விரல் ஜீன். அது கெட்டுப்போனால் சூலகத்துக்குள் மகரந்தக் குழாய் செல்லும் பாதை சரியாக அமைவதில்லை. 2007-ல் அதை வைத்தே பெயரும் சூட்டிவிட்டார்கள். ஆக, 'பாதை சுவிட்ச்'. அப்படித்தானே?

இல்லை. 2015-ல் வந்த ஆய்வில் அதே என்.டி.டி., தன் உறவுக்கார ஜீன்களான விப்4, விப்5 ஆகியவற்றோடு சேர்ந்து கருவில் வேருக்கு அடித்தளம் போடுவது தெரிந்தது. ஒன்றை மட்டும் நீக்கினால் வேர் வருகிறது. மூன்றையும் நீக்கினால் வேரே இல்லாத நாற்று. இதில் எது 'வேர் சுவிட்ச்'? போதாததற்கு, ஆக்சின் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட மோனோப்டெரோஸ் என்ற இன்னொரு காரணி கெட்டாலும் வேர் வராது.

கல்யாண வீட்டில் மூன்று சமையல்காரர்கள். ஒருவர் வரவில்லை, பந்தி நடந்துவிட்டது. அதனால் அவருக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்வீர்களா? ஒரு ஜீனை நீக்கி, செடி நன்றாக இருந்தால் 'வேலையில்லாத ஜீன்' என்பது இதே புத்திசாலித்தனம்தான்.

இது வெறும் பரீட்சைச் சண்டை அல்ல. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த இரண்டு ஜீன் திருத்த நெல் ரகங்களில் ஒன்று பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. அதில் திருத்தப்பட்ட டி.எஸ்.டி.யும் ஒரு துத்தநாக விரல் காரணிதான். பெயர் 'வறட்சி, உப்பு தாங்குதிறன்' என்றாலும், அது உண்மையில் தாங்குதிறனைக் குறைக்கும் ஜீன். அதை முடக்கினால்தான் தாங்குதிறன் கூடுகிறது. இலைத்துளைகள் எவ்வளவு திறக்கின்றன என்பதில் அதற்குப் பங்கு உண்டு என்று 2009-லும், கதிரில் மணிகளின் எண்ணிக்கையிலும் பங்கு உண்டு என்று 2013-லும் ஆய்வுகள் வந்தன. ஒரே ஜீன், இரண்டு வேலை.

ஆதரிப்பவர்கள் 'சுவிட்சைத் தட்டினோம், அதிசயம்' என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் 'சுவிட்சைத் தொட்டால் சர்வநாசம்' என்கிறார்கள். இருவருக்கும் ஒரே மூடநம்பிக்கை! நான் இந்த ரகத்துக்கு எதிரி இல்லை. ஆனால் பல வேலை செய்யும் ஜீனைத் திருத்தினால், பல ஊர் மண்ணில், பல பருவங்களில் அந்தச் செடி எப்படி நடந்துகொண்டது என்ற முழுக் கணக்கையும் மக்கள் முன் வைக்க வேண்டும். கணக்கு தப்பினால் நஷ்டப்படுவது கட்டுரை எழுதியவரோ அறிக்கை விட்டவரோ அல்ல, அந்த நெல்லை நட்டவர்.

வகுப்பறையில் 'துத்தநாக விரலின் பணி: டி.என்.ஏ.வுடன் இணைதல்' என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். எந்தச் செல்லில், எப்போது, யாரோடு சேர்ந்து என்று கேட்பவனுக்கு மதிப்பெண் இல்லை. அந்தக் கேள்விதான் உயிரியல். மற்றதெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை. அவர்கூட ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்.