தூண்கள் தாங்குமா?

புனே நகரின் வடமேற்கே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் அமைந்துள்ளது வாகட். அருகிலுள்ள ஹிஞ்சவடியின் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன. அவற்றுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. முன்பு வயல் சூழ்ந்த சிற்றூராக இருந்த இவ்விடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் உயர்ந்து நிற்கின்றன. வீடு வாங்குவோர் விலையைக் கேட்கின்றனர். நீச்சல்குளம் உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்றும் கேட்கின்றனர். நிலம் அதிர்ந்தால் இக்கட்டடம் நிற்குமா என்று கேட்போர் மிகச் சிலரே. முதலில் எழ வேண்டியது அவ்வினாவே.

புனேவில் நிலநடுக்கம் வருமா எனச் சிலர் ஐயுறலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட வரைபடத்தில் புனே மிதமான இடருள்ள மூன்றாம் மண்டலத்தில் இடம்பெற்றது. சென்னையும் அதே மண்டலத்தில்தான் சேர்க்கப்பட்டது. மிதமான இடர்தானே என்று அமைதி கொள்வோருக்கு மராட்டிய மண்ணே விடை கூறுகிறது. 1967 டிசம்பர் 11 அன்று கொய்னாவில் நிலம் நடுங்கியது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி நடுங்கியது. கில்லாரி அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த இடருள்ள பகுதியாகவே குறிக்கப்பட்டிருந்தது. ஆயினும், மண்சாந்து கொண்டு கட்டிய தடித்த கற்சுவர்கள் உறங்கியோர் மீது சரிந்தன. 7,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது நிலத்தின் அசைவன்று. அதனைத் தாங்க இயலாத வீடுகளே.

கற்சுவர் வீடுகள் பழையவை, கான்கிரீட் கட்டடங்கள் அவ்வாறு விழா என்று எண்ணுவதும் பிழை. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதன் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில்கூடப் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்தன. அவற்றுள் பல, வண்டி நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றித் தூண்களாக மட்டும் விட்டவை. வாகட் உள்ளிட்ட இந்திய நகரங்கள் பலவற்றிலும் இவ்வமைப்பைக் காணலாம்.

இதன் காரணம் எளிது. மேல்தளங்களில் செங்கற்சுவர்கள் தூண்களோடு சேர்ந்து இறுகி நிற்பதால் அவை ஒரே பெட்டிபோல் அசைகின்றன. சுவரற்ற தரைத்தளமோ நெகிழ்ந்து கொடுக்கிறது. அதிர்வின் அசைவு முழுவதும் அவ்வொரு தளத்தில் குவிய, தூண்கள் ஒடிகின்றன. பூஜ் நிலநடுக்கத்திற்குப் பின் 2002இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 விதி இதற்கு வழி கூறியது: இத்தகைய தூண்கள் கணக்கிட்ட விசையைப்போல் 2.5 மடங்கைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட வேண்டும். அல்லது பக்கவாட்டு விசையைத் தாங்கும் கான்கிரீட் சுவர்கள் எழுப்பப்பட வேண்டும். ஆகவே, வண்டி நிறுத்துமிடத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதனை முறையாகக் கட்டினால் போதும்.

செலவு கூடும் என்பது சிலரின் மறுப்பு. ஓரளவு கூடும் என்பது உண்மையே. ஆனால், கட்டிய பின் தூண்களை வலுப்படுத்துவது அதனினும் கடினம், செலவும் மிகுதி. மேலும், சில காப்புகளுக்குப் பணத்தைவிடக் கவனமே தேவை. தூணின் கம்பிகளைச் சுற்றும் வளையங்களின் முனைகளை 90 பாகைக்கு மடிக்காமல் 135 பாகைக்கு உள்நோக்கி மடித்தால், அதிர்வின்போது வளையம் எளிதில் பிரியாது. கம்பி கட்டுபவரின் கையில் உள்ள சிறு மாற்றம் இது. காப்பதோ பல உயிர்களை.

கட்டி முடித்த வீடுகளையும் ஆராய வேண்டும். மராட்டியக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதிகள், 15 முதல் 30 ஆண்டு வயதுடைய கட்டடங்களை 5 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கும் மூத்தவற்றை 3 ஆண்டுக்கு ஒருமுறையும் பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்யப் பணிக்கின்றன. இது நல்ல விதி, எனினும் போதாது. முதுமையால் வரும் தளர்ச்சியை இவ்விதி கண்டுபிடிக்கும். வடிவமைப்பில் உள்ள குறையோ கட்டடத்தோடு பிறக்கிறது. அது 15 ஆண்டுகள் காத்திராது. எனவே, சங்கம் பொறுப்பேற்கும் முதல் ஆண்டிலேயே கட்டமைப்பு வரைபடங்களைப் பெற்று, தகுதி வாய்ந்த பொறியாளரிடம் காட்டிக் கருத்துப் பெறுவதே முறை. தூணில் விரிசல், துருவேறிய கம்பி, நீர்க்கசிவு, அனுமதியின்றி இடித்த சுவர் ஆகியவற்றைக் குடியிருப்போரே கண்டு சங்கத்திற்கு அறிவிக்கலாம். சிறுவர்களும் இதனைச் செய்யலாம்.

நிலநடுக்கம் வரும் நாளை எவரும் முன்கூட்டி உரைக்க இயலாது. அந்நாளில் வீடு நிற்குமா என்பதை மட்டும் இன்றே பெருமளவு அறியலாம், திருத்தவும் செய்யலாம். அறியக்கூடியதை அறியாமல் விடுவது விதியன்று, அசட்டையே ஆகும்.