வைக்கலையும் கணக்கிலை எடுங்கோ

போன ஞாயிறு ஒரு பிறந்தநாள் விழா. ரீவியிலை எத்தியோப்பியாவைக் காட்டினவுடனை அண்ணர் ஒருத்தர் தொடங்கிட்டார். "மாடு கிடக்கு, மூளை இல்லை. நல்ல விதையும் யூரியாவும் குடுத்தால் ரெண்டு மடங்கு விளையும். சோம்பேறியள்!" எல்லாரும் தலையாட்டிச்சினம். எனக்கு விசர் வந்திட்டுது.

என்னோடை குசினியிலை கோப்பை கழுவுற பெடியன் வொல்லோ மலைப்பக்கத்தான். தேப்பனுக்கு ஒரு ஹெக்டேயர் காணிகூட இல்லை. அந்தத் துண்டிலைதான் வீட்டுக்குத் தெஃப்பும் பார்லியும். அதின்ரை வைக்கல்தான் உழவு எருதுக்குச் சாப்பாடு. எருது மெலிஞ்சால் உழவு பிந்தும், உழவு பிந்தினால் மழை போயிடும். விறகில்லாததாலை சாணி வறட்டியாய் அடுப்புக்குப் போகுது, மண்ணுக்கு ஒண்டும் மிஞ்சாது. இந்த முடிச்சுக்குள்ளை யூரியா மூட்டையையும் கட்டை இனக் கோதுமையையும் மட்டும் கொண்டுபோய் இறக்கினால்? தானியம் கூடலாம், வைக்கல் காணாது. அடுத்த போகத்துக்கு உழுறது ஆர், யூரியாவோ?

வழி இல்லாமலில்லை. சரிவிலை போட்ட வரம்புகளிலை டெஷோ எண்ட அந்த நாட்டுப் புல்லை நட்டால் மண்ணும் நிக்கும், மாட்டுக்கும் வெட்டிப் போடலாம். ஓட்ஸோடை வெட்ச் எண்ட பயறினக் கொடியைக் கலந்து விதைச்சால் நல்ல தீவனம், மண்ணுக்கும் நைதரசன் சேரும்.

ஆனால் அறுவடை முடிய ஊர் மாடெல்லாம் எல்லார்ரை வயலிலையும் மேயுறது அங்கத்தை வழமை. தனி ஒருத்தன் புல்லு நட்டு என்ன பிரயோசனம்? ஊர் கூடி மேய்ச்சலைக் கட்டுப்படுத்தவேணும். அதோடை 1975 இலையிருந்து காணி அரசாங்கத்தின்ரை, விக்க ஏலாது. பிறகும் பிரிச்சுப் பிரிச்சுப் பங்கிட்டவங்கள். நாளைக்கு ஆர்ரை கைக்குப் போகுமோ தெரியாத காணியிலை ஆர் வரம்பு கட்டுவான்? இதுக்குப் பேர் சோம்பலோ, சொல்லுங்கோ பாப்பம்.

இப்பிடிக் கதைக்க எனக்கும் கனக்க யோக்கியதை இல்லை. விவசாயபீடத்திலை ரெண்டு வருசம் படிச்ச திமிரிலை, லீவுக்கு வீட்டை வந்து அப்பாவைப் பாத்துச் சிரிச்சவன் நான். எல்லாரும் புது நெல்லு விதைக்க, அவர் மட்டும் ஒரு துண்டிலை மொட்டைக்கறுப்பன் விதைப்பார். "ஏனப்பா இந்தப் பழசு? விளைச்சலும் குறைவு."

"நெல்லு உனக்கடா. மாடு என்னத்தைத் தின்னுறது?"

பாடப்புத்தகத்திலை நான் அந்தக் கேள்வியைப் பாக்கேல்லை. பிறகு ஊரும் போச்சு, பட்டமும் போச்சு. அப்பாவும் இல்லை. அந்தச் சிரிப்புக்கு மன்னிப்புக் கேக்க இனி ஆளில்லை.

அதாலை அண்ணை, இனிமேல் ஒரு மலைநாட்டுக் கமக்காரனைச் சோம்பேறி எண்டு சொல்ல முதல், அவன்ரை எருது இண்டைக்கு என்ன தின்னுது எண்டு ஒருக்கால் கேளுங்கோ.