திரையில் தொடங்கும் பேச்சு எங்கே முடிய வேண்டும்?

கோலார் தங்கவயலை அடுத்துள்ள பூதிகோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊர் என்ற வகையில் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளது. அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த பங்காருப்பேட்டை, இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிகுப்பம் ஆகிய இடங்களையும் அறிந்தவர்களுக்கு வேறொரு வரலாறும் தெரியும். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கையேற்ற தங்கச் சுரங்கங்களை நம்பி, வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கின்றன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அன்றுமுதல் வேலை என்றால் பெங்களூரு என்றாகிவிட்டது. விடியுமுன் இரயிலேறி, இருட்டிய பின் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கை இருபத்தைந்து ஆண்டுகளாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சுரங்கம் மூடப்பட்டபோது இழந்த ஊதியத்திற்குக் கணக்கிருந்தது; பணிக்கொடைக்கும் நிலுவைத் தொகைக்கும் கணக்கிருந்தது. இழந்த உறக்கத்திற்கும், வேலையற்ற தந்தையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் அச்சத்திற்கும் எந்தப் பேரேட்டிலும் பக்கம் ஒதுக்கப்படவில்லை. அந்தப் பக்கத்தை இன்று எழுதத் தொடங்கியிருப்பவர்கள் இளைய உளவியலாளர்கள். உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற இருபத்தைந்து, முப்பது வயதினர் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் ஓரிரு நிமிடக் காணொளிகளில் மனச்சோர்வு, பதற்றம், உறக்கமின்மை ஆகியவற்றைப் பற்றித் தமிழில் பேசுகிறார்கள். இரயிலில் அமர்ந்தபடியே அவற்றைக் காண்கின்றவர்கள் பலர். இம்முயற்சி வரவேற்கத்தக்கது என்பதும், அதன் பயன் முழுமை பெறக் கேட்பவர்களாகிய நமக்கும் சில கடமைகள் உண்டு என்பதும் என் கருத்து.

மக்களிடம் நேரடியாக மனநலம் பேசுவது தமிழர்க்குப் புதிதன்று. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவராகப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பை நிறுவினார். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தற்கொலைத் தடுப்புக்கென ‘சிநேகா’வைத் தொடங்கினார். மனநல மருத்துவர் மாத்ருபூதம் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியின் வழியாக, வீட்டில் யாரும் வாய்திறவாத செய்திகளைத் தொலைக்காட்சியில் நகைச்சுவை கலந்து பேசினார். அன்று முகம் சுளித்தவர்களும் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தவர்களும் உண்டு. வார இதழ், வானொலி, தொலைக்காட்சி என்று வந்த வழியின் அடுத்த படியே கைப்பேசி. கருவி மாறியிருக்கிறது, தேவை மாறவில்லை.

தேவை எத்தகையது என்பதைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு காட்டியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர் என்றும், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறவில்லை என்றும் அது கூறியது. பத்துப் பேர் கூடும் இடத்தில் ஒருவர் என்பது இதன் எளிய பொருள். நமது கிளையின் வரிசையிலும் அவர் நிற்கிறார். முனையத்தின் இந்தப் பக்கத்திலும் அவர் அமர்ந்திருக்கக்கூடும்.

சிகிச்சைக்கு ஏன் வருவதில்லை? மருத்துவர்கள் குறைவு என்பது ஒரு காரணம். சொல் இல்லாமை மற்றொரு காரணம். நம் வீடுகளில் மனச்சோர்வு என்ற சொல் புழங்குவதில்லை. ‘தலை பாரமாக இருக்கிறது’, ‘எதிலும் நாட்டமில்லை’, ‘நெஞ்சு படபடக்கிறது’ என்றுதான் சொல்கிறோம். தலைபாரத்திற்கு மாத்திரையும் நெஞ்சுப் படபடப்புக்கு இதயப் பரிசோதனையும் செய்து பார்த்த பின்னரும் தீராதபோது, திருஷ்டி என்றோ செய்வினை என்றோ முடிவு கட்டுகிறோம். கோலார் சுரங்கம் மூடப்பட்ட அதே 2001ஆம் ஆண்டின் ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கிரையானார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கொடியவர்கள் அல்லர்; வேறு வழி அறியாதவர்கள். ‘இது நோய், இதற்கு மருத்துவம் உண்டு’ என்ற ஒற்றைச் செய்தி உரிய காலத்தில் போய்ச் சேர்ந்திருந்தால், அவர்களுள் சிலரேனும் பிழைத்திருப்பார்கள் அல்லவா? இளைய உளவியலாளர் ஒருவர் இரண்டு நிமிடங்களில் அந்தச் செய்தியை ஒரு கிராமத்திற்குக் கொண்டு சேர்த்தால், அது பெருந்தொண்டு.

வங்கிப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். கடனும் மனமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நடப்பவை. தவணை தவறியவரிடம் காரணம் கேட்டால் வேலை போனது, வீட்டில் நோய், மகளின் திருமணம் என்று சொல்வார். சற்று நேரம் பொறுமையாகக் கேட்டால், மாதக்கணக்கில் உறங்கவில்லை என்பதும், கைப்பேசி ஒலித்தாலே கை நடுங்குகிறது என்பதும் வெளிவரும். மனம் தளர்ந்தவர் கடிதங்களைப் பிரிப்பதில்லை, அழைப்புகளை எடுப்பதில்லை, அதனால் அபராதக் கட்டணம் ஏறுகிறது, ஏறிய கட்டணம் மனத்தை மேலும் தளர்த்துகிறது. சிறுகடன் நிறுவனங்கள் சிலவற்றின் வசூல் நெருக்கடி உயிர்களைப் பறிக்கும் அளவுக்குச் சென்றதால்தான், 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கும் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பணத்தை வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசு அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டத்தால் தடை செய்தது. இவை இரண்டும் பணத்தைப் பற்றிய சட்டங்கள் போலத் தோன்றினாலும், மனத்தையும் காக்க வந்தவை.

இனி, இம்முயற்சியின் மீது கூறப்படும் குறைகளையும் நேர்மையாகப் பார்ப்போம். இரண்டு நிமிடக் காணொளியில் ஐந்து அறிகுறிகளைக் கேட்டுவிட்டு, தமக்கும் அந்நோய் இருப்பதாகத் தாமே முடிவு செய்துகொள்ளும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள் என்பது ஒரு குறை. பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையில் எளிய கவலையையும் பெருநோயாகக் காட்டுவோர் உண்டு என்பது இரண்டாவது. உரிய படிப்பே இல்லாதவர்கள் ‘மனப் பயிற்சியாளர்’ என்ற பெயரில் கட்டண வகுப்புகளை விற்கிறார்கள் என்பது மூன்றாவது. இம்மூன்றும் உண்மையே. ஆனால் போலி நாணயம் புழங்குகிறது என்பதற்காக நாணயத்தையே ஒழித்துவிட முடியாது. நல்லதைத் தெரிந்தெடுக்கும் வழியைக் கற்றுக்கொள்வதே அறிவுடைமை.

கணக்குத் தொடங்க வரும் எவரிடமும் நாம் ‘கேஒய்சி’ ஆவணங்களைக் கேட்கிறோம். மனத்தை ஒப்படைக்கப் போகிறவரிடமும் அதைக் கேட்பதில் தவறில்லை. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்த பின் மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதும் தகுதி அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் என்பவர் உரிய பயிற்சிக்குப் பின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர். சோதனைகள் செய்வார், உளச்சிகிச்சை அளிப்பார், மருந்து எழுதமாட்டார். ஆலோசகர் உளவியலோ சமூகப்பணியோ படித்து, உரையாடல் வழியே துணைநிற்பவர். மூவருக்கும் இடமுண்டு, ஒருவர் மற்றொருவரின் இடத்தில் அமரக் கூடாது. உடல்நலம் குறித்துச் சமூக ஊடகங்களில் பேசுவோர் தம் தகுதியைப் பார்ப்பவர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் நலத்துறை 2023 ஆகஸ்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. தகுதியைச் சொல்லத் தயங்குபவரின் பக்கத்தை விட்டு நகர்ந்துவிடலாம். ‘பத்தே நாளில் தீர்வு’ என்பவரை, ‘பத்தே மாதத்தில் பணம் இரட்டிப்பு’ என்பவரோடு சேர்த்து வைத்தால் போதும்.

பேசுகின்ற இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வணிகவியல் படித்தவர்கள் 1924ஆம் ஆண்டின் டூர்னியர் வழக்கை அறிவார்கள். வாடிக்கையாளரின் செய்தியை வெளியிடாமல் காப்பது வங்கியாளரின் கடமை என்று இங்கிலாந்தின் நீதிமன்றம் அதில் நிலைநாட்டியது. கணக்கின் இரகசியத்திற்கே இத்தகைய காப்பு உண்டென்றால், கண்ணீரின் இரகசியத்திற்கு எத்தனை காப்பு வேண்டும்! 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் செய்திகள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. அவர்தம் இசைவின்றிப் படமோ விவரமோ ஊடகங்களுக்குத் தரப்படலாகாது என்றும் கூறுகிறது. ‘நேற்று என்னிடம் வந்த ஒரு பெண்’ என்று தொடங்கும் கதை, பெயரை மறைத்தாலும், சிற்றூரில் அடையாளம் காட்டிவிடும். தங்கவயல் போன்ற ஊரில் எந்தத் தெரு, எந்த வேலை என்று சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அப்படி ஒரு கதை வெளியானால் பத்துப் பேர் உதவி நாட அஞ்சுவார்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, திரையில் தொடங்கும் பேச்சு ஒரு முகவரியில் முடிய வேண்டும். சேமிப்பின் சிறப்பை விளக்கும் விளம்பரம் கிளையின் முகவரியைச் சொல்லாவிட்டால் என்ன பயன்? அந்த முகவரிகள் நம்மிடம் இருக்கின்றன. 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையின் எண் 14416. நாள் முழுதும் இயங்கும்; கட்டணமில்லை. இதன் தலைமை மையம் நிம்ஹான்ஸ். இருபது மொழிகளில் இச்சேவை கிடைக்கிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. கன்னட நாட்டில் தமிழ் பேசி வாழும் தங்கவயல் மக்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். கடைச் சரக்கை எந்த மொழியிலும் கேட்டு வாங்கிவிடலாம். துயரத்தைத் தாய்மொழியில்தான் சொல்ல முடியும்.

நேரில் செல்ல விரும்புவோர்க்கு மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. நிம்ஹான்ஸ் 1980களில் இதே கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நடத்திக் காட்டிய முன்மாதிரியைக் கொண்டே 1996இல் அது நாடளாவிய திட்டமாயிற்று. மாவட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேட்டுச் செல்லலாம். செலவைப் பற்றிய அச்சமுடையோர் தம் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரப்பட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. எல்லாக் காப்பீட்டுத் திட்டங்களும் 2022 அக்டோபர் 31க்குள் இதற்கு இணங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. பல பத்திரங்கள் உள்நோயாளிச் சிகிச்சையை மட்டுமே ஏற்கும் என்பதால், புறநோயாளிக் கட்டணம் சேருமா என்பதைத் தனியே கேட்டறிவது நல்லது. இச்செய்தியைச் சொல்லும் காணொளிகள் போதிய அளவில் இல்லை. உளவியலாளரும் வங்கியாளரும் சேர்ந்து சொல்லத்தக்க செய்தி இது.

வாடிக்கையாளர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, வீட்டில் பிள்ளையோ துணைவரோ ஒரு காணொளியைக் காட்டி ‘எனக்கும் இப்படித்தான் இருக்கிறது’ என்றால், கைப்பேசியைக் குறை கூறித் தட்டிக்கழித்துவிடாதீர்கள். நேரில் சொல்லக் கூசியதை அவர் அதன் வழியே சொல்கிறார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, உறக்கமும் உணவும் எப்படி என்று கேளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் தகுதியுடையவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழ விருப்பமில்லை என்ற சொல் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். தனியே விடாமல் அருகிருந்து உடனே உதவி நாடுங்கள். இரண்டாவது, கடன் சுமையால் மனம் தளர்ந்திருந்தால் கிளைக்கு வருவதை ஒத்திப்போடாதீர்கள். தவணை தவறுவதற்கு முன்னரே வந்து பேசினால், தவணைக் காலத்தை மாற்றியமைப்பது உள்ளிட்ட வழிகளை விதிகளுக்குட்பட்டு ஆராய முடியும். பேசாமலிருப்பவருக்கு வங்கியாலும் உதவ இயலாது, மருத்துவராலும் உதவ இயலாது.

சுரங்கத்தில் இறங்கிய நம் முன்னோர் விளக்கின்றி இறங்கியதில்லை, தனியாகவும் இறங்கியதில்லை. இளைய உளவியலாளர்கள் இன்று கைப்பேசியில் ஏற்றும் விளக்கு சிறியதுதான். அதன் வெளிச்சத்தில் 14416 என்ற எண்ணைப் படித்து, உங்கள் கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் இன்றே எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், இரயிலில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு என்றேனும் அது தேவைப்படலாம்.