வாய்க்கு ஒரு பூட்டு!

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்கள் ரெண்டு விஷயம் சொல்வார்கள். ஒண்ணு, பூட்டு. இன்னொண்ணு, பிரியாணி. மூணாவதாக ஒண்ணு இருக்கு. அதை உள்ளூர்க்காரர்களே சொல்ல மாட்டார்கள். ஏன்னா, அது வாயில் இருக்கும்போது பேச முடியாது!

போயிலை சார், போயிலை!

அகராதிக்குத்தான் புகையிலை, எங்க பக்கம் போயிலை. வேடசந்தூர் வட்டாரத்தில், உப்புக் கரிக்கிற கிணத்துத் தண்ணியிலும் தளதளவென்று வளர்கிற பயிர். 1948-லேயே அங்கே புகையிலைக்கென்று மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்துவிட்டது. அங்கே உருவான மெல்லும் புகையிலை ரகங்களின் பேரைக் கேளுங்க: பாக்யலட்சுமி, மீனாட்சி, அபிராமி. கேட்டதுமே கன்னத்தில் போட்டுக்கத் தோணுதா? அதைத்தான் எங்க ஆளுங்க ரெண்டு அர்த்தத்திலும் செய்கிறார்கள்!

என் சிநேகிதர் ஒருத்தர் அந்தக் கட்சி. ஆபீஸில் யார் என்ன கேட்டாலும் "ம்... ம்ம்" தான் பதில். மேலதிகாரி போன் பண்ணினால் முதலில் ஜன்னலுக்கு ஓடுவார். அப்புறம்தான் "வணக்கம் சார்".

"மாப்ளே, இது உள்ளே போனாத்தான்டா கணக்கே டேலி ஆகுது" என்பார்.

நான் பி.காம். என் எதிரில் ஒருத்தர் டேலி என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியுமா? கணக்கைப் பார்த்துவிடுவோம்.

கன்னத்தில் ஒதுக்கின போயிலையிலிருந்து நிகோடின், வாயின் உள்தோல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் இன்னும் வேகம். மூளைக்கு ஒரு குஷி. ஆனால் சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் இருக்கிற நிகோடின் பாதியாகிவிடும். உடனே படபடப்பு, எரிச்சல், பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்தாலே கோபம். இன்னொரு சிட்டிகை போட்டதும் எல்லாம் போய்விடும். "ஆஹா, போயிலையால வந்த தெளிவு!" என்று நினைப்பார்.

அங்கேதான் சார் கணக்கு உதைக்குது. அந்த எரிச்சலைக் கொண்டுவந்ததே போன சிட்டிகைதான். பழைய கடனுக்கு வட்டி கட்ட, புதுக் கடன் வாங்குகிற கதை. போயிலையே போடாதவன் அந்தத் தெளிவோடுதான் காலையில் பல் தேய்க்கிறான், பைசா செலவில்லாமல்! நம்மாள் ஒரு நாளைக்கு 50 ரூபாய் என்று வைத்தால், வருஷத்துக்கு 18,250 ரூபாய். அத்தனையும் வட்டிதான்.

அசலை வாயே கட்டிவிடுகிறது. ஒரு நாள் பிரியாணி சாப்பிடப் போனோம். காரம் பட்டதும் நண்பருக்குக் கண்ணில் தண்ணி. நல்லி எலும்பு வாய்க்குள் நுழையவே இல்லை. டாக்டர், "மூணு விரலைச் சேர்த்து நிமிர்த்தி, மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவே வைங்க" என்றார். ரெண்டுதான் போனது.

வாயின் உள்தோல் இறுகி நார்நாராகிப் போகிற வியாதி இது. முக்கியக் குற்றவாளி, கூடவே மென்ற பாக்கு. சில பேருக்கு இதுவே புற்றுநோயில் கொண்டுபோய் விடும். "போயிலையை விட்டாச்சு, வெறும் பாக்குதான்" என்பவர்களுக்கு ஒரு தகவல்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2004-ல் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டது. நிறுத்தினால் வியாதி மேலே முற்றாமல் தடுக்கலாம். இறுகினது பழையபடி முழுசாக இளகுவது கஷ்டம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இந்தப் பூட்டுக்குச் சாவி எங்க ஊர்ப் பட்டறை எதிலும் கிடையாது!

நண்பர் அன்றைக்கே ஒரு தேதி குறித்தார். சட்டைப்பை, மேஜை டிராயர், ஸ்கூட்டர் டிக்கி மூணையும் காலி பண்ணினார். டீக்கடைக்காரரிடம், "நான் கேட்டாலும் குடுக்காதீங்கண்ணே" என்று சொல்லிவைத்தார். முதல் மூணு நாள்தான் ரொம்ப மோசம். வீட்டில் யாரும் அவர் எதிரே போகவில்லை. ஆனால் ஆசை வந்தால் சில நிமிஷம்தான் தாங்கும், தானே இறங்கிவிடும். அந்த நேரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி, மாடிப்படியில் ஒரு நடை. மூணு நாலு வாரத்தில் உடம்பு கடனை மறக்க ஆரம்பித்துவிடும்.

சில பேருக்கு டாக்டர்கள் நிகோடின் சூயிங்கம் தருவார்கள். அதன் பூர்வீகம் சுவாரஸ்யம். 1960-களில் ஸ்வீடன் நீர்மூழ்கிக் கப்பல் சிப்பாய்கள் உள்ளே சிகரெட் பிடிக்க முடியாமல், புகையிலையை வாயில் ஒதுக்கினார்கள். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே பிறந்தது. முள்ளை முள்ளால்! ஆனால் இதைச் சும்மா மென்றுகொண்டே இருக்கக்கூடாது. கொஞ்சம் மென்று, நாக்கு சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். அந்தக் கலையை நம்மாளுங்களுக்குச் சொல்லித்தரவா வேணும்?

இருபதாவது நாள் ஒரு கல்யாணத்தில் நண்பர் சறுக்கிவிட்டார். "போச்சுடா மாப்ளே, எல்லாம் வீண்" என்று புலம்பல். "தப்பா ஒரு என்ட்ரி விழுந்தா அடிச்சுட்டு அடுத்த வரி எழுதணும். லெட்ஜரையே கிழிப்பாங்களா?" என்றேன். மறுநாள் திரும்ப ஆரம்பித்தார். எட்டு மாசமாச்சு. இப்போது போனை முதல் மணியிலேயே எடுக்கிறார்.

விட நினைக்கிறவர்களுக்கு 1800-11-2356 என்று ஒரு இலவச எண் இருக்கிறது. ஆலோசனை சொல்வார்கள். எங்கே அச்சடித்திருக்கிறார்கள் தெரியுமா? புகையிலை பாக்கெட் மேலேயே! கிழிக்கிற அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

சரி, இப்போ மூணு விரலைச் சேர்த்து வாய்க்குள் வைத்துப் பாருங்க. ஆபீஸே உங்களைப் பார்க்குதா? பார்க்கட்டும். முதலில் வாயில் இருக்கிறதைத் துப்பிட்டு வாங்க!